வாடை இல்லை

பத்து இருபதுக்கு இயந்திர அறை பதில் சொல்லிவிட்டது. அழுத்தம் 11.6. வாடை இல்லை. லேப்டாப் திரையில் அந்த நேரத்துக்கான கட்டம் பச்சையானது.

பதிலை அனுப்ப வேண்டிய போன் அவளுடைய சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பழைய துண்டில் கிடந்தது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் தம்பி அதைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

"எப்ப தண்ணியில விழுந்துச்சுன்னு சொன்ன?"

"போன புதனுக்கு முந்தின புதன். கூலிங் தொட்டிய எட்டிப் பார்த்தேன், சட்டைப் பையிலேருந்து நழுவிடுச்சு. யாருக்கும் தெரியாம ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லேன். அவருக்குத்தான் கடைக்காரனெல்லாம் தெரியும்."

"பதினோரு நாள்," என்றாள் அவள்.

"ஆமா. ஞாயித்துக்கிழமை, உக்காந்து கணக்கா போடுற? காப்பி போடு."

அவள் எழுந்திருக்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பினாள். பதினோரு நாளும் பச்சை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், நாளுக்குப் பன்னிரண்டு. 11.4, 11.7, 11.5. வாடை இல்லை, வாடை இல்லை, வாடை இல்லை.

தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான். "அதான் தெரியுமே. நீதானே போட்டுக்கிட்டு வர்ற?"

அலுவலகத்தில் அவளை ஸ்கிரிப்ட் அக்கா என்பார்கள். குளிர்சேமிப்புக் கிடங்கில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாக அதே மாடி, அதே ஜன்னல், கீழே லாரி பின்னால் வரும்போது கேட்கும் அதே பீப் சத்தம். நடுவில் ஒரு நாள் நிர்வாகம் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஒரு ஆப்பைக் கொண்டுவந்தது. இனிமேல் கடிதம், லீவு, புகார், கூட்டம் எல்லாம் அதற்குள்தான் என்றார்கள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, தினமும் காலையில யாருக்குப் பிறந்தநாளோ அவங்களுக்குக் குழுவுல வாழ்த்துப் போட்டுடு. மனுஷங்க சந்தோஷப்படுவாங்க," என்றார். ஒரு நாள் மறந்துபோனாள். கொள்முதல் பிரிவு ஆள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவள் அந்த ஆப்புக்குள் வேலையைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டப்பா, ஒரு கையில் மவுஸ். ஆறு வரி. பட்டியலைப் பார், இன்றைய தேதியோடு ஒப்பிடு, வாழ்த்தை அனுப்பு. எட்டு மணிக்கு அது தானாக வாழ்த்தியபோது அவள் தோசைக்கல்லை விட்டுவிட்டு ஓடிவந்து போனைப் பார்த்தாள். கணவர் பஸ் டிரைவர், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எதுக்கு இப்படிச் சிரிக்கிற?" என்றார். "நான் இங்க இருக்கேன். அங்க வேலை நடக்குது," என்றாள்.

ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர் ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். அவரை அது நான்கு வருடம் வாழ்த்தியது. நான்காம் வருடம் மனிதர் ஒரு கூடை பழத்தோடு மாடியேறி வந்தார். "இத்தனை வருஷம் கழிச்சும் என்னை ஞாபகம் வச்சிருக்கீங்களே," என்று மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் பழத்தைப் பார்த்தாள். ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. பட்டியலிலிருந்து அவரை எடுக்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பிறகு லீவு விண்ணப்பம், லாரி வரிசை, கூட்டக் குறிப்பு என்று ஒவ்வொன்றாக அவள் ஸ்கிரிப்டுகளிடம் போய்ச் சேர்ந்தது. கடைசியாக இயந்திர அறை.

கிடங்கைக் குளிரவைப்பது அம்மோனியா. குழாயில் இருக்கும்வரை சாதுவான சரக்கு. வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு தொண்டையை, பிறகு மூச்சை. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆப்பரேட்டர் சுற்றி வந்து அழுத்தத்தையும் வாடை உண்டா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை அவள் ஆப்புக்கு மாற்றினாள். மணி அடித்தால் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்கும். ஆப்பரேட்டர் ஷிப்ட் போனில் பதில் போடுவார். சொந்தப் போனைப் பொறி பறக்கும் என்று கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். உள்ளே அந்த ஒரு போன்தான். இருபது நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் கட்டம் சிவப்பாகும். திங்கட்கிழமை தலைமை அலுவலகம் சிவப்பை எண்ணும்.

சிவப்பு நிறைய வந்தது. ஆப்பரேட்டர்கள் சும்மா இருந்ததால் அல்ல. சுவர் கனம், சிக்னல் கிடைக்காது. போட்ட பதில் அரை மணி கழித்துத்தான் போய்ச் சேரும். மேனேஜர் ஒரு திங்கட்கிழமை திட்டு வாங்கிக்கொண்டு வந்து அவள் மேஜை முன் நின்றார்.

"சிக்னல் இல்லாததுக்கு நான் ஏன் பேச்சு வாங்கணும்? ஏதாவது பண்ணும்மா. வைஃபை பெட்டி வர்ற வரைக்கும், ஒரு வாரத்துக்கு."

நான்கு வரி எழுதினாள். பதில் வரவில்லையா, போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் எடுத்துக்கொள். மேலே உள்ளபடி என்று பழைய நோட்டில் எல்லாரும் போடும் கோடு மாதிரிதான். அவளுக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார். "நாலு தடவை தொடர்ந்து ஒரே எண். பார்க்க நல்லா இல்ல. கொஞ்சம் ஏற இறங்க இருந்தா நல்லா இருக்கும்."

அதற்கும் ஒரு வரி. போன எண்ணோடு கொஞ்சம் கூட்டு, அல்லது குறை. எவ்வளவு என்பதை நீயே தேர்ந்தெடு. அது எங்காவது தறிகெட்டு ஓடிவிடக் கூடாதே என்று ஒரு வேலியும் போட்டாள். பதினொன்றுக்குக் கீழே போகாதே, பன்னிரண்டுக்கு மேலே போகாதே.

வைஃபை பெட்டி மூன்று மாதம் கழித்து வந்தது. மாட்டினார்கள். வரிகளை எடுக்க வேண்டும் என்று ஒரு சின்னத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டினாள். தாள் ஒரு கோடையில் பசை காய்ந்து விழுந்தது. கூட்டுகிறவள் பெருக்கிக்கொண்டு போனாள். சுவரில் வாடையை மோப்பம் பிடிக்கும் பெட்டி ஒன்று இருந்தது. சும்மா சும்மா கத்துகிறது என்று கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. அதுதான் ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்றார்கள்.

இரண்டு வருடம் ஒரு சிவப்பும் இல்லை. தலைமை அலுவலகம் அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அது டீவிக்கு மேலே தொங்கியது. தம்பிக்கு இயந்திர அறையில் வேலை கிடைத்ததும் அந்தப் பத்திரத்தின் சூட்டில்தான். அம்மா கேட்டாள் என்று அவள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அந்தத் தம்பிதான் இப்போது எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். முப்பத்துநான்கு வயது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் போடலடா," என்றாள்.

"பின்ன யாரு? போன் விழுந்த அன்னிக்கு உயிரே போச்சு. சிவப்பு வரும், வேலை போகும்னு இருந்தேன். ரெண்டு மணிக்கு யாரும் வந்து கேக்கல. நாலு மணிக்கும் கேக்கல. மாமா போய் ஆபீஸ் திரையில பார்த்துட்டு வந்தார். எல்லாம் பச்சைன்னார். உங்கக்கா இருக்கற வரைக்கும் உனக்கென்னடான்னார்."

மாமா என்பது மூத்த ஆப்பரேட்டர். அவரை மேனேஜரே மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க பதில் போடறீங்கன்னு நான் நெனச்சேன்."

"நீ காப்பாத்தறேன்னு நாங்க நெனச்சோம்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அடுத்த கட்டம் வெள்ளையாக, பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தது.

"உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கம் இல்ல."

"பொய் சொல்லாத."

அவன் துண்டை மடித்தான், பிரித்தான். "கொஞ்சம் வாடை இருக்குக்கா. மூணாம் நம்பர் கம்ப்ரசர் பக்கம். ஒரு வாரமா. போகப்போக எனக்குத் தெரியவே மாட்டேங்குது, மூக்கு பழகிடுச்சு. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி சட்டைய வெளிய போடுன்னு கத்தறா."

"மேல சொல்ல வேண்டியதுதானே?"

"மாமா வியாழக்கிழமை போய்ச் சொன்னார். மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கார். நீங்களே எட்டு மணிக்கு வாடை இல்லைன்னு போட்டிருக்கீங்களே மாமா, பத்து மணிக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே, வயசாச்சுன்னா மூக்குமா மாறும்னு கேட்டாராம். மாமா என்ன சொல்வார்? போன் தொட்டியில விழுந்துடுச்சு, நாங்க எட்டு நாளா ஒண்ணுமே போடலன்னா? சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்துட்டார்."

அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். திரையில் வியாழக்கிழமை எட்டு மணிக் கட்டத்தைத் தேடிப் பார்த்தாள். 11.3. வாடை இல்லை. மாமாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது அவள் எழுதிய வரி.

"இன்னிக்கு உள்ள யாரு?"

"மாமாதான். சாயங்காலம் வரைக்கும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "இப்ப யாருக்கும் போன் பண்ணாத. பண்ணினா நான் மட்டும் இல்ல, மாமாவும் போவார். நீயும் போவ. இந்தப் போன ரிப்பேர் பண்ணிக் குடு. நாளைக்கு முதல் பதிலே வாடை உண்டுன்னு போடறேன். தானா ஆள் வந்து பார்ப்பாங்க."

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நாள். ஒரு வாரம் பொறுத்தது இன்னும் ஒரு நாள் பொறுக்காதா. அவள் ஸ்கிரிப்டைத் திறந்தாள். நான்கு வரி, அதன்கீழ் ஏற இறங்க ஒரு வரி, அதன்கீழ் வேலி. இரண்டு வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. "இந்த வரிங்கதான் உங்களுக்குப் பதிலா பச்சை போட்டுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துடறேன்," என்றாள்.

"எடுத்தா பழசெல்லாம் சிவப்பாயிடுமா?"

"ஆகாது. பழசு பழசுதான். இனிமேதான்."

"அப்ப எடு. நாளை வரைக்கும் சிவப்பு வந்தா சிக்னல் இல்லைன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

எடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். அவன் குடித்தான், இருமினான், மறுபடி குடித்தான். மகன் சைக்கிள் கேட்கிறான் என்று சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இருமலையும் எண்ணினாள். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிறகு அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கேள்வி போயிற்று. கேட்க வேண்டிய போன் இங்கே இருந்தது. பன்னிரண்டு இருபதுக்குக் கட்டம் சிவந்தது. இரண்டு வருடத்தில் முதல் சிவப்பு. அது இவ்வளவு அழுத்தமான சிவப்பு என்பதையே அவள் மறந்திருந்தாள்.

மூன்று நிமிடத்தில் மேனேஜர் கூப்பிட்டார். பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உன் ஸ்கிரிப்ட்ல ஏதோ கோளாறு. இயந்திர அறை சிவப்பு காட்டுது."

"சிவப்பு வந்திருக்கு சார்."

"அதான் சொல்றேன். நாளைக்கு திங்கள். உடனே சரி பண்ணிடு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கையை எடுத்துக் கும்பிடுவதுபோல் நெஞ்சுக்கு நேராக வைத்தான். கும்பிடுகிற நேரத்தில் இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழிந்தது.

"ஸ்கிரிப்ட் சரியாத்தான் இருக்கு சார்," என்றாள். "இப்பத்தான் சரியா இருக்கு. அங்க பதினோரு நாளா போன் இல்ல. இதுவரைக்கும் வந்ததெல்லாம் நான் எழுதிவச்ச வரி போட்டது. வாடை இருக்கு. மாமா உள்ள இருக்கார். தீயணைப்புக்குச் சொல்லுங்க. முகமூடி இல்லாம யாரையும் உள்ள விடாதீங்க."

அந்தப் பக்கம் குழந்தைகளின் சத்தம் கூடியது. பிறகு மேனேஜர், "யார் கூட வெளையாடற?" என்றார். அவளிடமா, பிள்ளைகளிடமா என்று தெரியவில்லை. போன் வைக்கப்பட்டது.

தம்பி எழுந்து நின்றான். "முடிச்சுட்ட," என்றான். கத்தவில்லை. "என் குடும்பத்தை முடிச்சுட்ட." பைக் சாவியை எடுத்தான்.

"எங்க போற?"

"மாமாவ வெளிய கூட்டிட்டு வரேன். வேற யாரு போவா?"

அவள் வாசலை மறித்து நின்றாள். அவனைவிட ஒரு சாண் குட்டை. "கேட்டுக்கு வெளியே நிக்கறதா இருந்தா போ. உள்ள காலை வச்சேன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"என்ன பண்ணுவ, சிவப்புப் போடுவியா?"

அவளை விலக்கிவிட்டுப் போனான்.

ஒன்றரை மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு. மூச்சிரைத்தது. "உள்ள போகல. விடல. மேனேஜர் சொல்லித் தீயணைப்பு வந்திருக்கு, முகமூடி போட்டவங்க போயிருக்காங்க. வால்வு இணைப்புல கசியுதாம், தொட்டாலே பெருசாகிற மாதிரி இருந்துச்சாம். நாளைக்கு ஆறு மணிக்கு நான் ஷிப்ட் மாத்தி மூணாம் நம்பர ஸ்டார்ட் பண்ணியிருந்தா..." நிறுத்தினான்.

"மாமா?"

"இருக்கார். பின்வாசல் படியில உக்காந்திருந்தார். காலையிலேருந்து அங்கதான். உள்ள இருக்க முடியலயாம். கண்ணைத் திறக்க முடியல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்டா, யாருமே கேக்கலன்னார்."

இரண்டு மணிக்கு மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. தலைமை அலுவலகத்தில் கேட்கிறார்களாம். இந்த இரண்டு வருடப் பதிலில் எது ஆள் போட்டது, எது ஸ்கிரிப்ட் போட்டது? பிரித்துத் தர வேண்டுமாம், ஒரு மணி நேரத்துக்குள்.

"பிரிக்க முடியாது சார்."

"ஏன் முடியாது? நீதானே எழுதின?"

"போட்டதுக்கு அடையாளம் வைக்கல. ஏற இறங்க இருக்கணும்னு நீங்க சொன்னீங்க. ஆள் போட்ட மாதிரியே இருக்கு."

மேனேஜர் பக்கத்தில் யாரிடமோ ஒரு நிமிடம் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பாராட்டுப் பத்திரம் குடுத்தப்போ இத மத்த கிளைக்கும் அனுப்பச் சொன்னாங்களே. அனுப்பினியா?"

அவள் டீவிக்கு மேலே பார்த்தாள்.

ஆறு கிளை. ஆறு குளிர்கிடங்கு. அனுப்பியது மட்டுமல்ல, ஒவ்வொருவரோடும் போனில் உட்கார்ந்து எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அக்கா, நீங்க தெய்வம் என்றார் ஒருவர். அந்த ஸ்கிரிப்டுகள் அவரவர் கணக்கில் ஓடின. இங்கிருந்து அவளால் பார்க்க முடியும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அட்டவணையின் அடிப்பகுதிக்கு இறங்கினாள். ஆறு வரிசை. காலையிலிருந்து ஆறும் பச்சை. 11.3, 11.8, 11.5. எந்தக் கட்டமும் பதினொன்றுக்குக் கீழே இல்லை, பன்னிரண்டுக்கு மேலே இல்லை. அவள் போட்ட வேலிக்குள் சாதுவாக நின்றன.

முதல் கிளையின் எண்ணைப் போட்டாள். எடுத்தவர் அலுவலக மேற்பார்வையாளர், அவளைத் தெய்வம் என்றவர்.

"அக்கா, ஞாயித்துக்கிழமையில என்ன விசேஷம்?"

"உங்க இயந்திர அறை எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு."

"பார்த்தீங்களா?"

"இதோ பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். பன்னெண்டு மணிக்கு 11.5. வாடை இல்லை. ரெண்டு மணி பதில் இன்னும் வரல, வந்துடும்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே திரை.

"அண்ணே, திரையை விடுங்க. எழுந்து வெளிய போய், அறைக்கு வெளிய நின்னு, உள்ள இருக்கறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் சொல்றாரான்னு பாருங்க. உள்ள மட்டும் போகாதீங்க. போன கட் பண்ணாதீங்க."

"என்னக்கா, பயமுறுத்தறீங்க."

"போங்க அண்ணே."

நாற்காலி தள்ளப்படும் சத்தம். போனை மேஜைமேல் வைத்தார். செருப்புச் சத்தம் தூரப் போயிற்று. ஒரு கதவு திறந்தது. எங்கோ ஒரு லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் ஒரு குரல் யாரையோ கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. மூன்றாவது முறை இன்னும் சத்தமாக.

மணி இரண்டு இருபது ஆனது. அவள் கண்முன்னால் அந்த வரிசையின் கட்டம் பச்சையானது. 11.7. வாடை இல்லை.

அந்தப் பக்கம் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.